இரண்டு கைகள் கொண்ட புழுப்பல்லி எந்த இனம்?

கேள்வி: இளஞ்சிவப்பு நிறத்தில் மண்புழுவைப் போன்ற உடலும், தலைக்குப் பின்னால் இரண்டு கைகளும் உள்ள ஓர் உயிரினத்தின் படத்தைக் கைப்பேசியில் பார்த்தேன். ‘புழுப்பல்லி’ என்று எழுதியிருந்தது. எங்கள் தக்காளித் தோட்டத்தில் பாத்தி கட்டும்போது புழுவைப் போன்ற கறுத்த ஒன்று மண்ணிலிருந்து நெளிந்து வருவதுண்டு. இரண்டும் ஒன்றா? அது பாம்பா, பல்லியா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: இரண்டும் ஒன்றல்ல. படத்தில் நீங்கள் பார்த்தது மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா பகுதியில் மட்டுமே வாழும் பைப்பெஸ் பைபோரஸ் என்னும் இனமாகும். இதை 1894-இல் அமெரிக்க விலங்கியலாளர் எட்வர்ட் டிரிங்கர் கோப் விவரித்தார். புழுப்பல்லிகளில் ஏறத்தாழ 200 இனங்கள் உள்ளன. அமெரிக்கக் கண்டங்கள், ஆப்பிரிக்கா, தென் ஐரோப்பா, மேற்கு ஆசியா ஆகிய பகுதிகளில் அவை பரவியிருந்தாலும் இந்தியாவில் ஒன்றுகூட இல்லை. கைகள் இருப்பது பைப்பெஸ் பேரினத்தின் மூன்று இனங்களுக்கு மட்டுமே; மற்ற அனைத்தும் காலற்றவை.

சுமார் 20 சென்டிமீட்டர் நீளமுள்ள இதன் உடல் முழுவதும் செதில்கள் வளையம் வளையமாக அமைந்திருப்பதால்தான் மண்புழுவின் தோற்றம் வருகிறது. தோல் உள்ளுடலோடு இறுக ஒட்டாமல் தளர்ந்திருக்கிறது. சுரங்கத்தின் சுவரில் தோலின் வளையங்களைப் பதித்துக்கொண்டு, அதற்குள்ளேயே உடலை முன்னுக்கு இழுத்து அது நகர்கிறது. ஐந்து விரல்களும் நகங்களும் கொண்ட கைகள், தரைக்கு மேலிருந்து மண்ணுக்குள் நுழையும்போது பெரிதும் பயன்படுகின்றன. செவித்துளை கிடையாது, கண்கள் செதிலுக்கு அடியில் கரும்புள்ளிகளாகத் தெரியும். மேல்தாடையின் முன்பக்க நடுவில் உள்ள ஒற்றைப் பல் கீழ்த்தாடைப் பற்கள் இரண்டுக்கு இடையில் பொருந்துவதால், எறும்பு, கறையான் ஆகியவற்றைக் குறடு போலக் கவ்வ முடிகிறது. வால் ஒருமுறை அறுந்தால் மீண்டும் வளராது.

வகைப்பாட்டைப் பொறுத்தவரை, பல்லிகள், பாம்புகள் ஆகியவற்றுக்கு இணையான மூன்றாவது பிரிவாகவே புழுப்பல்லிகளை நெடுங்காலம் வைத்திருந்தார்கள். அதற்குக் காரணமும் இருந்தது: பாம்புகளில் பொதுவாக இடது நுரையீரல் சுருங்கியிருக்க, இவற்றில் வலது நுரையீரல் சுருங்கியிருக்கிறது. ஆனால் 2000-க்குப் பின் வந்த மரபணு ஆய்வுகள், இவை லாசெர்டிடே என்னும் பல்லிக் குடும்பத்துக்கு மிக நெருங்கியவை என்று காட்டின. ஆகவே இவற்றைப் பல்லிகளோடு சேர்ப்பதே சரி. தென்னிந்தியாவின் வறண்ட புதர்க்காடுகளில், பக்கவாட்டில் வெளிர் கோடுகளோடும் நீண்ட வாலோடும் தரையில் விரைந்தோடும் ஒரு சிறு பல்லி இனம் உண்டு. அதுவும் லாசெர்டிடே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். நான்கு காலில் ஓடும் அந்தப் பல்லி, உங்கள் தோட்டத்தில் நெளிவதைவிட மெக்சிகோ புழுப்பல்லிக்கு நெருங்கிய உறவு என்பது முதலில் நம்ப முடியாததாகத்தான் இருக்கும்.

உங்கள் தோட்டத்தில் வருவது பெரும்பாலும் புழுப்பாம்பாக இருக்கலாம். குருட்டுப் பாம்பு என்றும் சொல்வார்கள். அதன் உடலில் வளையங்கள் இருக்காது. வழவழப்பான சிறு செதில்கள் பளபளக்கும், வால் நுனியில் ஒரு சிறு முள் இருக்கும். நஞ்சு இல்லை, கீழ்த்தாடையில் பல்லும் இல்லை. இவற்றில் பெண்கள் மட்டுமே உள்ளன. ஆணின்றியே முட்டையிட்டு இனம் பெருக்குகின்றன. கறையான், எறும்பு ஆகியவற்றின் முட்டைகளையும் புழுக்களையும் தின்பதால், அதை அடிக்காமல் ஈர மண்ணில் விட்டுவிடுங்கள்.

கேள்வி: அப்படியானால் ‘இருதலை’ என்று சொல்லும் மண்ணுளிப் பாம்பு புழுப்பல்லி வகையா?
– வாசகர், போச்சம்பள்ளி

பதில்: இல்லை. குட்டி ஈனும் உண்மையான பாம்பு அது. வால் மழுங்கியிருப்பதால் அதுவும் தலை போலத் தோன்றுகிறது, அவ்வளவே. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்குப் பொருந்தும் என்பதால், லட்சக்கணக்கில் விலை பேசி யாராவது வந்தால் வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.