மழைமானியை மாடியில் வைக்காதீர்கள்: பள்ளி வானிலை பற்றிக் கேள்வி பதில்

ஆறாம் வகுப்பு ஆசிரியை, மன்னார்குடி: டீச்சர், கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் மழைமானி செய்தோம். முதல் நாளே அளவு தப்பாக வருகிறது.

பாட்டிலின் அடியைப் பாருங்கள். ஐந்து குமிழாகப் புடைத்திருக்கும், அங்கே ஸ்கேல் வைத்து அளக்கவே முடியாது. சின்னக் கூழாங்கற்களைப் போட்டு, சுவர் நேராகத் தொடங்கும் இடம் வரை தண்ணீர் ஊற்றி, அங்கே கோடு போடுங்கள். அதுதான் பூஜ்யம். தினமும் அளந்து முடித்ததும் தண்ணீர் அந்தக் கோட்டுக்கு வந்துவிட வேண்டும்; வெயிலில் வற்றியிருந்தால் ஊற்றுங்கள். வெட்டிய மேல்பகுதியைப் புனல் போலக் கவிழ்த்து வைத்தால் அவ்வளவாக வற்றாது.

நேரத்தை மாற்றாதீர்கள். செய்தித்தாளில் வரும் மழையளவு நேற்றுக் காலை 8.30 முதல் இன்று காலை 8.30 வரை பெய்தது. அதனால் இன்று மாலை பெய்யும் மழை நாளைய தேதியில்தான் ஏறும். இதைச் சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் "பேப்பர் பொய்" என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

அப்புறம், பாட்டிலை மாடியில் வைக்காதீர்கள்.

செங்கல்பட்டு: ஏன் மாடியில் வைக்கக் கூடாது? மறைப்பே இல்லாத இடம் அதுதானே?

சுவரில் மோதும் காற்று மேலே எழும்பி மாடி விளிம்பைத் தாண்டும்போது துளிகளையும் அள்ளிக்கொண்டு போய்விடும். மானியில் குறைவாகத்தான் விழும். தரையில் வையுங்கள், வாய் ஒரு அடி உயரத்தில் இருக்கட்டும். சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ, அதைப்போல இரு மடங்கு தூரம் தள்ளி வைக்க வேண்டும். அளவை விடுங்கள், இடி இடிக்கும்போது ஒரு பிள்ளை மாடிப்படி ஏறுவதே எனக்குப் பயம்.

பெயர் வேண்டாம்: காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரில் வகுப்பறை வெப்பநிலையை அளக்கலாமா?

முடியாது. அது 35 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரைதான் காட்டும். பாதரசம் உள்ளது என்றால் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

திருச்செந்தூர்: ரெட் அலர்ட் கொடுத்தால் நாளை லீவு உண்டா?

கலெக்டரைக் கேளுங்கள்.

கோவில்பட்டி: டீச்சர், பாட்டில் வாய் ரொம்பச் சின்னது. அண்டா வைத்தால்தானே சரியாக அளக்க முடியும்? அகலமானதில் அதிக மழை விழுமே.

அதிகத் தண்ணீர் விழும், உயரம் மாறாது. வாய் 50 சதுர செ.மீ. உள்ள டப்பாவில் 10 மி.மீ. மழை பெய்தால் 50 மில்லி சேரும். 2,500 சதுர செ.மீ. அண்டாவில் இரண்டரை லிட்டர். இரண்டிலும் ஸ்கேல் விட்டுப் பாருங்கள், ஒரே 1 செ.மீ. தான்.

கோவில்பட்டி: மன்னிக்கணும், ஒத்துக்கொள்ள மாட்டேன். போன ஐப்பசியில் பக்கெட்டும் குடமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பக்கெட்டில் நிறைய, குடத்தில் கொஞ்சம். கண்ணால் பார்த்தது.

மதுரை, குறுக்கே: அண்ணாச்சி சொல்வது சரி. எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

மன்னார்குடி, மறுபடி: டீச்சர் கணக்குப் போட்டே காட்டிவிட்டார்களே!

சண்டை வேண்டாம். அண்ணாச்சி பார்த்தது பொய்யில்லை, சொல்லும் காரணம்தான் தப்பு. பக்கெட் மேலே அகலம், கீழே குறுகல். வாய் 30 செ.மீ., அடி 22 செ.மீ. என்று வையுங்கள். அகன்ற வாய் பிடித்த தண்ணீர் குறுகிய அடியில் போய் நிற்பதால் 10 மி.மீ. மழை ஏறக்குறைய 18 மி.மீ. ஆகத் தெரியும். குடம் நேர் எதிர்: சின்ன வாய், பெரிய வயிறு. அங்கே 10 மி.மீ. பெய்தாலும் அடியில் ஈரம் மாதிரிதான் கிடக்கும். சுவர் நேராக இருந்தால் டம்ளரும் டிரம்மும் ஒன்றே.

உண்மையில் இதைவிட நல்ல பாடம் இல்லை. பக்கெட், குடம், டம்ளர் மூன்றையும் மழையில் வைத்துவிட்டு, எது சரி என்று பிள்ளைகளையே அடித்துக்கொள்ள விடுங்கள். முடிவில் ஒன்று சொல்லுங்கள்: 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது. ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 950 லிட்டர்! வகுப்பறைத் தரையை அவர்களே அளந்து பெருக்கிப் பார்க்கட்டும்.

மதுரை: அப்படியென்றால் டிரம்மை மாடியில் வைக்கலாமா?

மேலே செங்கல்பட்டுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பொள்ளாச்சி: பாட்டிலுக்குள் மேகம் செய்யும் சோதனை எங்களுக்கு வரவே இல்லை.

புகை விட்டீர்களா? கொஞ்சம் வெந்நீர் ஊற்றி, அணைத்த தீக்குச்சியின் புகையை உள்ளே விட்டு, மூடியை இறுக்குங்கள். நன்றாக அமுக்கிச் சட்டென்று விடுங்கள். விடும்போது உள்ளே காற்று விரிந்து குளிரும். நீராவி புகைத் துகள்களைப் பிடித்துக்கொண்டு துளியாகும். பின்னால் கறுப்புத் தாள் வைத்தால் கடைசி பெஞ்சுக்கும் தெரியும். தீக்குச்சி உங்கள் கையில் மட்டும்.

தர்மபுரி: எறும்பு முட்டையோடு மேடு ஏறினால் மழை, தட்டான் தாழப் பறந்தால் மழை என்கிறார்கள் பாட்டிகள். வகுப்பில் சொல்லலாமா, மூடநம்பிக்கை ஆகிவிடுமா?

சொல்லுங்கள், சோதிக்கவும் சொல்லுங்கள். நோட்டில் நான்கு கட்டம்: தட்டான் தாழப் பறந்தது, மழை வந்தது; பறந்தது, வரவில்லை; பறக்கவில்லை, வந்தது; பறக்கவில்லை, வரவில்லை. நாம் ஞாபகம் வைத்திருப்பது முதல் கட்டத்தை மட்டும்தான். புரட்டாசியில் தொடங்கி மார்கழி வரை நிரப்பட்டும். பாட்டி ஜெயித்தால் ஜெயிக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.

விழுப்புரம்: புயலுக்கு யார் பெயர் வைக்கிறார்கள்?

இது வாராவாரம் வருகிறது. 13 நாடுகள், ஆளுக்கு 13 பெயர், மொத்தம் 169. பட்டியல் 2020இல் வெளியானது. இந்தியா கொடுத்தவற்றில் முரசும் நீரும் உண்டு. காற்று மணிக்கு 62 கி.மீ. தாண்டினால்தான் பெயர். பெயரை விட்டுவிட்டு அந்தக் காற்றைப் பற்றிக் கேளுங்கள், பக்கம் பக்கமாக எழுதுகிறேன்.

சேலம்: பள்ளி மாடியில் இடம் நிறைய இருக்கிறது, அங்கே...

வேண்டாம்.

திண்டிவனம்: சனி, ஞாயிறு யார் அளப்பது?

பள்ளிக்குப் பக்கத்தில் வீடுள்ள பிள்ளை அளக்கலாம். ஆள் இல்லையென்றால் திங்கள் காலை மொத்தமாக அளந்து, "மூன்று நாள் சேர்த்து" என்று எழுதுங்கள். மூன்றால் வகுத்து நாளுக்கு இவ்வளவு என்று மட்டும் நிரப்பாதீர்கள். மழை அப்படிப் பங்கு போட்டுப் பெய்திருக்காது.