சமையலறைச் சுவரில் தொங்கும் பாட்டி

கேள்வி:

வணக்கம் டொக்டர். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். ஒன்பது வருடமாகச் சுவீடனில், ஸ்மோலாண்ட் பகுதியில் இருக்கிறேன். கணவர் இந்த நாட்டுக்காரர். மூத்தவனுக்கு மூன்று வயது, சின்னவளுக்கு ஐந்து மாதம். கணவருக்கு வடக்கே சுரங்க வேலை. இரண்டு கிழமை அங்கே, ஒரு கிழமை வீட்டில்.

மாமி நல்ல மனுஷி. போன வருடம் அவ தேவாலயப் பதிவேடுகளைத் தேடி, தன் பாட்டியின் பாட்டியைக் கண்டுபிடித்தா. எட்டுப் பிள்ளை பெற்றவ. மூன்று பேர் சின்னதிலேயே போய்விட்டார்கள். 1869இல் புருஷன் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறி, ஆறு வருடம் கழித்துத்தான் திரும்பினாராம். அதுவரை நாலு மாடு, கல்லுக் காணி, கைக்குழந்தை எல்லாம் அவவின் தலையில். வயதான காலத்தில் எடுத்த அவவின் படத்தைப் பெரிதாக்கி, எங்கள் சமையலறையில் மாமியே ஆணி அடித்து மாட்டினா. "ஒருநாளும் முறைப்பாடு சொன்னதில்லை" என்று சொல்லிக்கொண்டே.

எனக்கு உடுப்புத் தோய்க்க மெஷின் இருக்கிறது, வீடு சூடாக இருக்கிறது, காசு வருகிறது. இருந்தும் காலையில் பால் போத்தல் கழுவும்போது காரணமில்லாமல் கண்ணீர் வடிகிறது. பிள்ளை தூங்கினாலும் எனக்கு நித்திரை வருவதில்லை. பிள்ளையைத் தூக்கவே மனம் வராத நேரமும் இருக்கிறது. இதை எழுதக் கை கூசுகிறது. குழந்தைநல நிலையத்துத் தாதி இரண்டாம் மாதம் ஒரு கேள்வித்தாள் தந்தா. எல்லாம் நல்லபடி என்று நிரப்பிக் கொடுத்துவிட்டேன். அம்மாவிடம் சொன்னால், "உன்ர அப்பாச்சி இடம்பெயர்ந்த காலத்தில..." என்று தொடங்கிவிடுவா. அந்தப் படத்தைப் பார்த்தபடி தேத்தண்ணீர் குடிக்கவும் வெட்கமாக இருக்கிறது. நான் பலவீனமானவளா?

– ஸ்மோலாண்ட் வாசகி

பதில்:

அன்பான தங்கச்சிக்கு,

உங்களுக்கோ பிள்ளைக்கோ ஏதாவது செய்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு தடவையாவது வந்திருந்தால், மீதியைப் பிறகு வாசியுங்கள். இப்போதே அவசர எண் 112ஐ அழையுங்கள்.

இனி அந்தப் பாட்டி. அவ முறைப்பாடே சொன்னதில்லை என்று மாமிக்கு எப்படித் தெரியும்? மாமி பார்த்தது, பாதிரியார் வைத்திருந்த வீட்டு விசாரணைப் பதிவேடாக இருக்கும். அந்தக் காலத்தில் பாதிரியார் குடும்பத்தையும் வேலையாட்களையும் கூட்டி வைத்து, வாசிக்கத் தெரிகிறதா, லூத்தரின் வேதவினாவிடை மனப்பாடமா என்று கேட்டுக் குறி போடுவார். பிறப்பு, திருமணம், எங்கிருந்து வந்தார், எங்கே போனார், இறப்பு எல்லாம் அதில் வரும். மாட்டுக்கொட்டிலில் யார் அழுதார்கள் என்று எழுத அதில் நிரல் கிடையாது. அந்தக் காலப் புகைப்படத்திலும் சிரிப்பவர்கள் அபூர்வம்.

முறைப்பாடு சொல்லியிருந்தாலும் யாரிடம் சொல்வது? 1845இல்தான் கிராமத்துப் பெண்பிள்ளைக்கு ஆண்பிள்ளையோடு சமமான சொத்துரிமை வந்தது. 1863இல் மணமாகாதவளுக்கு 25 வயதில் சட்டப்படி சுயாதீனம் கிடைத்தது. கட்டிய மனைவியோ 1921 வரை சட்டப்படி கணவனின் பாதுகாவலில் இருப்பவள்தான்.  1867இலும் 1868இலும் விளைச்சல் பொய்த்து, மரப்பட்டையை மாவில் கலந்து ரொட்டி சுட்டுத் தின்ற பஞ்சம் வேறு. அடுத்த வருடம் கப்பல் ஏறியவர்கள் ஏராளம். உங்கள் கணவரின் அந்த மூதாதையும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்.

புருஷன் வீட்டில் இருந்திருந்தாலும் பால் கறப்பது அவவின் வேலைதான். ஆண் பிள்ளை மாட்டுக்குக் கீழே குந்தினால் ஊர் சிரிக்கும். சணல் நூற்பது, நெய்வது, ரொட்டி சுடுவது எல்லாம் பெண்களின் பங்கு. மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்ததும் அந்த ஊரில் புதுமை இல்லை. அந்தக் காலச் சுவீடனில் ஏறக்குறைய ஏழு குழந்தைகளில் ஒன்று முதல் பிறந்தநாளைக் காணவில்லை. செத்த பிள்ளையின் பெயரையே அடுத்த பிள்ளைக்கு வைப்பார்கள். அதைத் தைரியம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாமியிடம் அதே பக்கத்தை இன்னொரு முறை திறக்கச் சொல்லுங்கள். பாட்டியின் பெயருக்கு மேலும் கீழும் வேறு யார் இருக்கிறார்கள்? காணியை மகனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, சாகும்வரை ஓர் அறையும் தானியமும் ஒரு மாட்டின் பாலும் என்று ஒப்பந்தம் போட்டு அதே வளவில் இருந்த மாமியார் இருக்கலாம். வருடக் கூலிக்கு வந்த வேலைக்காரப் பெண் இருக்கலாம். அந்தக் காலப் பண்ணை வீடுகளில் இவர்கள் சாதாரணம்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. பிரசவம் ஆன வீட்டுக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் பாலும் வெண்ணெயும் சேர்த்துத் தடிப்பாகக் காய்ச்சிய கஞ்சியை அலங்கார மரப் பாத்திரத்தில் எடுத்து வருவார்கள். எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவளுக்கு மருந்துச் சரக்குகள் அரைத்துச் சரக்குக் கறி காய்ச்சிக் கொடுப்பதைப் போல. சுமார் ஆறு வாரம் தாய் தேவாலயத்துக்குப் போவதில்லை. பிறகு பாதிரியார் சடங்கு செய்து உள்ளே சேர்த்துக்கொள்வார். தீட்டு என்ற எண்ணம் அதில் இருந்தது, எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் பிள்ளை பெற்றவளுக்கு நாலு பேர் தேவை என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது. 1827ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிராமங்களைப் பிரித்து வீடுகளைத் தனித்தனிக் காணிக்கு நகர்த்தியபோது அந்த நாலு பேரும் தூரமாகிப் போனார்கள்.

தங்கச்சி, உங்களுக்கு யார் கஞ்சி கொண்டு வந்தார்கள்? கடிதம் முழுக்கத் தேடினேன், ஒருவரும் இல்லை.

பாட்டிக்கு இல்லாத நிரல் தாதி தந்த தாளில் இருந்தது. அதில் நீங்கள் பொய் எழுதிவிட்டீர்கள். உங்களைப் போல எத்தனையோ பேர் எழுதுகிறார்கள், நான் கோபிக்கவில்லை. நீங்கள் சொல்லும் நித்திரையின்மை, அழுகை, பிள்ளையிடம் ஒட்டாத மனம் மூன்றும் பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வுக்குப் பொருந்துகின்றன. கடிதத்தை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன், நேரில் பார்க்க வேண்டும். இது சிகிச்சையால் மாறக்கூடியது.

திங்கட்கிழமை காலையே அந்தத் தாதிக்கு அழைத்து, "அன்றைக்கு உண்மையை எழுதவில்லை, அந்தத் தாளை மறுபடி தாருங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். இரவில் தாங்க முடியாமல் போனால் மருத்துவ ஆலோசனை எண் 1177ஐ அழையுங்கள். கணவரோடும் கதையுங்கள். பெற்றோர் விடுப்பில் 90 நாள் அவருக்கென்றே ஒதுக்கியது. அதை உங்களுக்கு மாற்றித் தர முடியாது, அவர் எடுக்காவிட்டால் வீண். சுரங்கத்தில் என்ன சொல்வார்கள் என்று அவர் தயங்கினால், மாட்டுக்குக் கீழே குந்தப் பயந்த கதையைச் சொல்லுங்கள்.

படத்தைக் கழற்ற வேண்டாம், மாமிக்கு நோகும். நடைபாதைச் சுவருக்கு மாற்றுங்கள். மாமி வரும்போது ஒரு சட்டி கஞ்சி காய்ச்சிக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால், அந்த வழக்கத்தை அவவே உங்களுக்கு விளக்கிச் சொல்லவும் கூடும்.