ஸ்டீமிட்டில் என் பதிவுக்கு நானே ஓட்டுப் போடலாமா?

போடலாம், தடையில்லை. ஆனால் அதையே வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம் என்பேன்.

2016-இல் தொடங்கிய ஸ்டீமிட், பதிவு எழுதிப் பணம் ஈட்டக்கூடிய சமூகத் தளம். அதில் ஓட்டு என்பது வெறும் லைக் அல்ல, பணம். நாள்தோறும் உருவாகும் ஸ்டீம் என்ற கிரிப்டோ நாணயங்களில் ஒரு பகுதி பொதுக் குவியலில் சேரும். அதில் எந்தப் பதிவுக்கு எவ்வளவு என்பதை ஓட்டுகள் முடிவு செய்யும். 7 நாளில் பட்டுவாடா. ஓட்டின் மதிப்போ, நீங்கள் ஸ்டீம் பவராக, அதாவது உடனே எடுக்க முடியாதபடி, பூட்டி வைத்திருக்கும் ஸ்டீம் தொகையைப் பொறுத்தது. முழு ஓட்டு ஒன்று போட்டால் ஓட்டுத் திறன் 2% குறையும். ஒரு நாளில் 20% தான் மீளும். ஆக, தினம் சுமார் 10 முழு ஓட்டுகள்தான் கையில். அத்தனையையும் தனக்கே போட்டுக்கொள்வது, பந்தி பரிமாறுகிறவர் பாயச வாளியைத் தன் இலையிலேயே கவிழ்த்துக்கொள்வது மாதிரி. நன்றாக எழுதும் புதியவர்கள் இதனால்தான் சலித்து விலகுகிறார்கள். எனக்கு அதுதான் வருத்தம்.

உழைத்து எழுதிய பதிவுக்கு ஓர் ஓட்டு போட்டுக்கொள்வதில் குற்றமில்லை. ஒற்றை வரிக் கருத்துக்கெல்லாம் போட்டால், மற்றவர்கள் எதிர் ஓட்டுப் போட்டு அந்தத் தொகையைக் குறைத்துவிடலாம்.

"என் ஓட்டு, யாருக்கு நஷ்டம்?" என்று பலர் கேட்கிறார்கள். ஓட்டுப் போடுவதால் புதுப் பணம் உருவாவதில்லை. உங்களுக்கு ஏறுவது அடுத்தவர் பங்கிலிருந்துதான் வருகிறது.