தருமிக்கு அப்பால் நாகேஷ்

கேள்வி: 'திருவிளையாடல்' தருமி காட்சியைக் கைபேசியில் திரும்பத் திரும்பப் பார்த்து நாகேஷின் ரசிகையாகிவிட்டேன். விடுமுறையில் அப்பாவோடு உட்கார்ந்து அவருடைய முழுப் படங்களைப் பார்க்க ஆசை. காமெடி தவிர வேறு மாதிரியும் நடித்திருக்கிறாராமே, எதிலிருந்து தொடங்கலாம்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: தருமியிலிருந்தே தொடங்குங்கள். துணுக்காக இல்லாமல், அந்தப் பகுதி முழுவதையும் ஒரே மூச்சில் பாருங்கள். கோயில் மண்டபத்தில் தனியாகப் புலம்பும்போது அவர் குரலில் இருப்பது பசி. சபையில் பாட்டில் குற்றம் என்றதும், பிழைக்குத் தக்கபடி பரிசைக் குறைத்துக்கொண்டாவது கொடுங்கள் என்று மன்றாடுவாரே, அங்கே நமக்குச் சிரிப்பு வருகிறது, அவருக்கோ அது வயிற்றுப்பாடு. நாகேஷின் காமெடியையும் மற்ற நடிப்பையும் என்னால் பிரித்துப் பார்க்கவே முடியாததற்கு இதுதான் காரணம்.

அடுத்து 'எதிர்நீச்சல்', 'தில்லானா மோகனாம்பாள்' இரண்டையும் அடுத்தடுத்த நாள்களில் பாருங்கள். இரண்டுமே 1968-இல் வந்தவை. முதல் படத்தில் மாது. பல குடும்பங்கள் குடியிருக்கும் வீட்டில், மாடிப்படிக்குக் கீழே ஒண்டிக்கொண்டு, எல்லோருக்கும் எடுபிடி வேலை செய்து, அவர்கள் போடும் மிச்சம் மீதியைச் சாப்பிட்டுக் கல்லூரியில் படிக்கும் அநாதைப் பையன். யார் கூப்பிட்டாலும் ஓடுவான். மறுநாள் வைத்தியைப் பாருங்கள். அதே ஒல்லி உடம்பு, அதே வேகம், அதே பணிவு. ஆனால் இந்தப் பணிவைக் கண்டால் குமட்டும். மோகனாவின் அம்மாவிடம் பணக்கார இடமாகச் சொல்லிச் சொல்லி ஆசை காட்டும் தரகன். அவர் குழையும் இடங்களில் சத்தத்தைக் குறைத்துவிட்டு முகத்தை மட்டும் கவனியுங்கள். வாய் சிரிக்கும்போதே கண் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். சிவாஜி, பத்மினி, பாலையா, மனோரமா என்று பெரிய பெரிய ஆட்கள் இருக்கும் படத்தில், வைத்தி வந்தால் நம் கண் அவரை விட்டு நகராது.

'சர்வர் சுந்தரம்' (1964) உங்கள் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். ஓட்டல் சர்வர் சினிமா நட்சத்திரமாகும் கதை. காதலியும் அம்மாவும் கைக்கு எட்டாமல் போகும்போது, புகழை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பாரே, அதற்காகவே பார்க்கலாம். அதே ஆண்டின் 'காதலிக்க நேரமில்லை'யில் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியில் திரையில் பேயும் கிடையாது, ஒன்றும் கிடையாது. நாகேஷின் குரலும் பாலையாவின் திகிலும்தான். காமெடியில் எதிரே இருப்பவர் எவ்வளவு முக்கியம் என்பது அதில் நன்றாகத் தெரியும்.

கொஞ்சம் கனமான படம் வேண்டுமென்றால் 'நீர்க்குமிழி' (1965). பாலசந்தர் இயக்கிய முதல் படம். ஆஸ்பத்திரியில் எல்லோரையும் சிரிக்க வைக்கும் புற்றுநோயாளியாக நாகேஷ். வசனம் நாடகபாணியில் இருக்கும், முதல் அரைமணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஜெயகாந்தன் இயக்கிய 'யாருக்காக அழுதான்' (1966) நல்ல பிரதியாகக் கிடைத்தால் விடாதீர்கள்.

அப்புறம் கமல் படங்கள். 'அபூர்வ சகோதரர்கள்' (1989) வில்லன். 'மகளிர் மட்டும்' (1994) பிணம்! ஒரு வார்த்தை பேசாமல், கண் திறக்காமல், தூக்கி நிறுத்தினால் சரிந்தும் இழுத்தால் துவண்டும் வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பார். அதே ஆண்டு 'நம்மவர்' படத்தில் மகளைப் பறிகொடுக்கும் பேராசிரியர். இதற்குத்தான் துணை நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. 1950-களின் இறுதியில் நடிக்க வந்தவருக்கு இவ்வளவு தாமதமாக அது வந்ததில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

'நம்மவர்' மட்டும் முதலில் வேண்டாம். மாதுவையும் சுந்தரத்தையும் பார்த்துப் பழகிய பிறகு அந்த அப்பாவின் முகத்தைப் பாருங்கள். 'மகளிர் மட்டும்' படத்தை அதற்கு மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், தேவைப்படும்.