நாலு பேரும் சாக்ஸபோனே வாசித்தால் ஒரே சத்தமாக இருக்காதா? பெங்களூரில் பொழுதுபோக்காக வாசிப்பவர்கள் இப்படி ஒரு குவார்டெட் நடத்த முடியுமா?

முடியும். நான் அப்படியொரு குழுவில் டெனர் சாக்ஸபோன் வாசிக்கிறேன். அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை இருக்கிறதே, அங்கிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு சர்ச் ஹால். ஞாயிறு ஆராதனை முடிந்து நாற்காலிகளை ஓரம் கட்டியதும் எங்களுக்கு விட்டுக்கொடுப்பார்கள். வாடகை கிடையாது. கிறிஸ்துமஸ், ஈஸ்டர், அறுப்பின் பண்டிகை மூன்றுக்கும் பாமாலை வாசித்துக் கொடுக்க வேண்டும், அதுதான் ஏற்பாடு. நாலு பேரில் யாருக்கும் இது பிழைப்பு இல்லை.

'ஒரே சத்தம்' என்கிற பகுதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சாக்ஸபோன் என்று நாம் ஒருமையில் சொல்வது ஒரு குடும்பம். அடால்ஃப் சாக்ஸ் என்ற பெல்ஜியக்காரர் பாரிஸில் பட்டறை வைத்திருந்தார். 1846-ல் அவர் காப்புரிமை வாங்கியபோதே சிறிதும் பெரிதுமாகப் பல அளவுகளைச் சேர்த்துத்தான் வாங்கினார். குவார்டெட்டில் புழங்குவது அவற்றில் நாலு: சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பாரிடோன். 1994-ல் 'டூயட்' படத்தில் கர்னாடக சாக்ஸபோன் கலைஞர் கத்ரி கோபால்நாத் வாசித்ததைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். அவர் கையில் இருந்தது ஆல்டோ. நமக்கு சாக்ஸபோன் என்றாலே அந்தக் குரல்தான், அதுவும் தனியாக நின்று பாடுகிற குரல். சொப்ரானோ பார்ப்பதற்குக் கிளாரினெட் போல நேராக இருக்கும். பாரிடோனின் குழல் மேலே ஒரு சுற்றுச் சுற்றிக் கீழே இறங்கும். எடை ஐந்தாறு கிலோ வரும். நாலும் சேர்ந்தால் பெண் குரலின் உச்சியிலிருந்து ஆண் குரலின் அடி வரை ஒரு முழு கொயரே அடங்கிவிடும். சாயல் ஒன்றாக இருப்பது எங்களுக்கு லாபம். நன்றாகச் சேர்ந்த நேரத்தில் எந்த வாத்தியம் எங்கே விட்டது, எது எங்கே எடுத்தது என்று முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூடத் தெரியாது.

நாலுக்கும் விரல் பிடி ஒன்றுதான், எழுதும் முறையும் ஒன்றுதான். ஆனால் தாளில் 'சி' என்று பார்த்து எல்லோரும் ஒரே விரலை வைத்தால் ஆல்டோவிலும் பாரிடோனிலும் இரண்டரைக் கட்டை வரும், சொப்ரானோவிலும் டெனரிலும் ஆறரைக் கட்டை வரும் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு). அதனால் ஒரே பாட்டுக்கு ஆளாளுக்கு வேறு தாள். கர்னாடக சங்கீதம் பழகியவர்களுக்கு இதில் குழப்பமே வராது. ஷட்ஜத்தை, அதாவது ஸ-வை, எங்கே வேண்டுமானாலும் வைத்துப் பாடிப் பழகியவர்கள் அல்லவா.

எங்கள் ஆல்டோ அப்படிப்பட்டவள். பல் மருத்துவம் படிக்கிறாள், மல்லேஸ்வரத்தில் வளர்ந்த தஞ்சாவூர்க் குடும்பம். கத்ரி கோபால்நாத் பாணியில் வந்த ஓர் ஆசிரியரிடம் வர்ணம், கீர்த்தனை என்று முறையாகக் கற்றவள். சொப்ரானோ வாசிப்பவர் ராணுவத்தின் எம்.ஈ.ஜி. பேண்டில் இருந்து ஓய்வு பெற்றவர். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றும் சொல்லப்படும் அது 1780-ல் தொடங்கிய படைப்பிரிவு. தலைமையகம் அல்சூரிலேயே இருப்பதால் ஓய்வுக்குப் பிறகு இந்தப் பக்கமே வீடு பார்த்துத் தங்கிவிட்டவர்கள் நிறைய. அவரை மாஸ்டர் என்போம். அந்தப் படையில் சிப்பாய்களுக்குத் தம்பி என்றே பெயர், எனவே அவருக்கு நான் தம்பி, பாரிடோன் வாசிப்பவரும் தம்பி. பாரிடோன்காரர் எனக்கு அண்ணன். கோலார் தங்கவயல்காரர், பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். நான் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன்.

இப்போது சொல்லப்போவதுதான் குவார்டெட்டின் உயிர் என்று நினைக்கிறேன். இரண்டு ஒலிகள் ஏறத்தாழ ஒன்றாக இருந்தும் முழுவதும் ஒன்றாகாதபோது காதில் ஓர் அலை அடிக்கும். பள்ளி இயற்பியலில் விம்மல் என்று படித்திருப்பீர்கள்: ஒன்று நொடிக்கு 440 அதிர்வு, இன்னொன்று 442 என்றால் நொடிக்கு இரண்டு விம்மல். பெரிய பேண்டில் இருபது பேர் வாசிக்கும்போது இது கலந்து மறைந்துவிடும். நாலு பேரில் மறைய இடமில்லை. ஸ, ப இரண்டையும் சேர்ப்பது எளிது, எல்லோருக்கும் கேட்டுவிடும். க என்கிற காந்தாரம்தான் பாடாய்ப் படுத்தும்.

பியானோவிலும் கீபோர்டிலும் இருக்கும் அந்தரகாந்தாரம் (மேல் காந்தாரம்) இயற்கையான இடத்தைவிடச் சற்று மேலே இருக்கிறது. ஓர் அரைச்சுரத்தை நூறு பங்காக்கினால் அதில் சுமார் 14 பங்கு. எல்லா ஸ்கேலிலும் வாசிக்க வேண்டும் என்பதற்காகச் சுரங்களைச் சமமாக நிரவியதில் வந்த வித்தியாசம் அது. குவார்டெட்டில் நாங்கள் ஆறரைக் கட்டையில் ஒரு கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டத்தை, பிடிக்கிறோம் என்று வையுங்கள்: பாரிடோன் ஸ, டெனர் ப, ஆல்டோ க, மேலே சொப்ரானோ மறுபடி ஸ. ஆல்டோ தன் மொபைலில் சுருதி காட்டும் ட்யூனரில் பச்சை விளக்கு எரிகிற இடத்தில் நின்றால் கார்டு கரகரக்கும். அவள் இறங்கி, ட்யூனர் சிவப்பு காட்டுகிற இடத்துக்கு வந்தால் கரகரப்பு நின்று ஹாலே ஒருமுறை விரியும்.

இதை எங்களுக்குக் காட்டியவள் அவள்தான். மாஸ்டர் ட்யூனரைக் காட்டி, "இறங்குதும்மா" என்றார். "இல்ல மாஸ்டர், தம்புராவுல கேக்குற காந்தாரம் இங்கதான் இருக்கு" என்றாள். அவள் சொன்னது சரி. தம்புராவின் மந்தர ஷட்ஜத்தை மீட்டினால், யாரும் மீட்டாத ஒரு காந்தாரம் அதற்குள்ளிருந்து தானாகக் கேட்கும். சங்கீதக்காரர்கள் அதைச் சுயம்பு என்பார்கள். தந்தியின் அடிப்படை அதிர்வைப்போல ஐந்து மடங்கில் பிறக்கும் சுரம் அது. அதே ஸ்தாயியின் ஷட்ஜத்தோடு அதன் விகிதம் 5-க்கு 4. ஐரோப்பாவில் நல்ல குவார்டெட்டுகள் வருஷக்கணக்கில் பழகிப் பிடிக்கும் இடமும் அதே இடம்தான். அன்றிலிருந்து பெங்களூரிலேயே தயாராகும் ஒரு ராடெல் தம்புராப் பெட்டியை நடுவில் வைத்து ஆறரைக் கட்டைக்குத் திருப்பிவிட்டுத்தான் தொடங்குகிறோம். ட்யூனர் பாரிடோன்காரருக்கு மட்டும். அவர் நின்ற இடத்தில் மற்ற மூவரும் சேர வேண்டும்.

அவளுக்கு இங்கே வேறொரு சிரமம் இருந்தது. கமகம், அதாவது சுர அசைவு, இல்லாமல் ஒரு சுரத்தில் நேராக நிற்க வேண்டும். உதட்டையும் தாடையையும் தளர்த்தி இறுக்கித்தான் சாக்ஸபோனில் கமகம் பிறக்கிறது. அந்தப் பழக்கத்தை நிறுத்தி வைப்பது லேசான காரியம் இல்லை. ஆனால் சுரத்தை அசைக்கத் தெரிந்தவளுக்கு அதை மயிரிழை நகர்த்தி நிறுத்தவும் தெரிகிறது. மேற்கத்திய முறையில் மட்டும் கற்ற எனக்கு அது வர வெகுகாலம் ஆயிற்று. டெனரில் மேல் ஸ்தாயிக்கான ஆக்டேவ் கீ போட்டு வாசிக்கும் 'டி' எப்போதும் ஏறி நிற்கும். தாடையைத் தளர்த்தி அதை இறக்க அவளிடம்தான் கற்றுக்கொண்டேன்.

பாரிடோன் அண்ணனைப் பற்றி தனியாகச் சொல்ல வேண்டும். தங்கவயலின் மாரிக்குப்பத்தில் ரயிலேறி வேலைக்கு வந்து போகிற ஆயிரக்கணக்கான தங்கவயல்காரர்களில் ஒருவர். அப்பா சுரங்கத்தில் இருந்தவர். 2001-ல் சுரங்கம் மூடிய பிறகு அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பெங்களூர் ரயில்தான் வேலை, பெங்களூர் ரயில்தான் படிப்பு. ஊரில் சர்ச் பேண்டில் பெரிய பித்தளை வாத்தியங்களை ஊதிய மூச்சு அவருக்கு. வாரம் முழுக்க அதே ரயிலில் வந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையும் வருகிறார். அந்தக் கூட்டத்தில் பாரிடோனைத் தூக்கி வர முடியாது என்பதால் அது சர்ச் அலமாரியிலேயே இருக்கிறது. சாவி அவரிடமும், சர்ச்சைப் பார்த்துக்கொள்ளும் கோயில் பிள்ளையிடமும்.

கேட்பவர்கள் அவரைத் தனியாகக் கவனிப்பதில்லை. பாட்டு மெட்டு சொப்ரானோவிடம் இருக்கும், அழகான இழைப்புகள் ஆல்டோவிடம் இருக்கும். ஆனால் அவர் ஒரு வாரம் வராவிட்டால் நாங்கள் மூவரும் நிற்க ஆதாரமே இல்லை. யார் ஏறினோம், யார் இறங்கினோம் என்று சொல்ல ஆள் இல்லை. கீழ்ச்சுரங்களுக்குக் காற்று ஏராளமாகச் செலவாகும். நீண்ட வரியில் அவர் எங்கே மூச்செடுக்கிறாரோ அந்த இடத்தில் நான் மூச்செடுக்காமல் தாங்க வேண்டும், நான் எடுக்கும் இடத்தில் அவர் தாங்குவார். பென்சிலால் தாளில் குறித்து வைத்திருக்கிறோம். கண்டக்டர் கிடையாது என்பதால் தொடக்கத்தை மாஸ்டர் தலையசைப்பில் கொடுப்பார், முடிவை அண்ணனின் தோளைப் பார்த்து எடுப்போம். சேர்ந்து வாசிப்பது என்றால் எனக்கு இதுதான். இதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்வதில்லை.

என்ன வாசிக்கிறோம்? தொடக்கத்தில் பாமாலைகள். சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் என்று நாலு குரலுக்கு எழுதிய பாமாலை மெட்டுப் புத்தகம் சர்ச்சில் இருக்கும். அவரவர் ஸ்கேலுக்கு மாற்றி எழுதிக்கொண்டால் போதும். வேகம் இல்லை, விரலுக்கு வேலை குறைவு, காதுக்கு வேலை முழுக்க. இதைவிட நல்ல பயிற்சி நான் பார்த்ததில்லை.

பிறகு சிங்கலே. ழான்-பாப்டிஸ்ட் சிங்கலே ஒரு பெல்ஜிய வயலின்காரர், சாக்ஸின் நண்பர். 1857-ல் அவர் எழுதிய ஓபஸ் (படைப்பு எண்) 53-ஐத்தான் சாக்ஸபோன் குவார்டெட்டுக்கென்றே எழுதப்பட்ட முதல் படைப்பாகச் சொல்கிறார்கள். அதே ஆண்டில்தான் பாரிஸ் கன்சர்வேட்டரியில் ராணுவ இசைக்காரர்களுக்கு சாக்ஸ் வகுப்பெடுக்கத் தொடங்கினார். பட்டாளத்து பேண்டுக்கும் இந்தக் குவார்டெட்டுக்கும் உறவு அப்போதே உண்டு. 1928-ல் மார்செல் மூல் அமைத்த புகழ்பெற்ற குவார்டெட்டும் கார்ட் ரிபப்ளிக்கேன் என்ற ராணுவ பேண்டிலிருந்து வந்ததுதான். அவர்களை மனத்தில் வைத்து ரஷ்யரான கிளாசுனோவ் 1932-ல் ஓபஸ் 109-ஐ எழுதினார். அதன் இரண்டாம் பகுதி ஒரு மெட்டும் அதன் மாறுபாடுகளும். மெட்டு மட்டும் எங்களுக்கு எட்டுகிறது. கேட்டால் பாமாலை என்றே சொல்வீர்கள். மாறுபாடுகளுக்கு இன்னும் காலம் வேண்டும். மாஸ்டர் இதையெல்லாம் வாசிக்கும்போது ஒரு கம்பீரம் வரும், முதுகு நிமிர்ந்துவிடும்.

எனக்கு மிகப் பிடித்தது தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள். முத்துசுவாமி தீட்சிதர் சென்னைப் பக்கம் கிழக்கிந்தியக் கும்பெனிப் பட்டாளத்து பேண்டில் கேட்ட மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார், எல்லாம் சங்கராபரணத்தில். 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் தேசியகீத மெட்டு. பேண்டிலிருந்து பாட்டுக்குப் போன மெட்டை மறுபடி பேண்டு வாத்தியத்தில் வாசிக்கிறோம். ஆல்டோ சாகித்தியத்தைப் பாடிக் காட்டுவாள், மாஸ்டர் கீழே மூன்று குரல் எழுதுவார். சங்கராபரணத்துக்குக் கார்டு வைத்தால் ராகம் கெடாது. கமகம் நிறைந்த தோடி ராகத்தில் நாங்கள் கை வைப்பதில்லை. அதற்குக் கீழே கார்டு போடுவது அந்த ராகத்துக்குச் செய்யும் அநியாயம் என்பது எங்கள் நாலு பேரின் முடிவு.

நடைமுறை விஷயங்கள் சில. ஊதும் முனையில் அதிர்கிற ரீட், நாணல் வகைத் தாவரத்தில் செய்வது. நாலு பேரும் ஏறத்தாழ ஒரே கடினத்தில் வைத்துக்கொண்டால் சாயல் சேரும். டிசம்பர், ஜனவரியில் பெங்களூர்க் குளிருக்கு வாத்தியம் இறங்கி நிற்கும். கால் மணி நேரம் ஊதிச் சூடாக்காமல் ட்யூன் பார்ப்பது வீண். துளைகளை மூடும் தோல் பேடுகளில் ஈரம் பட்டு ஜி-ஷார்ப் கீ ஒட்டிக்கொள்வது எல்லோருக்கும் வரும் தொல்லை. மெல்லிய தாளை இடையில் வைத்து அழுத்தி எடுத்தால் சரியாகும். கீழ்ச்சுரங்கள் வரவே மாட்டேன் என்றால் எங்கோ காற்றுக் கசிகிறது. இருட்டில் குழலுக்குள் சின்ன எல்ஈடி விளக்குச் சரத்தை இறக்கினால் மூடாத பேடின் ஓரத்தில் வெளிச்சம் தெரியும். எங்கள் நாலு வாத்தியத்துக்கும் மாஸ்டர் இப்படித்தான் பார்த்துப் பேடு மாற்றுகிறார்.

நீங்கள் எந்த சாக்ஸ் வைத்திருக்கிறீர்கள் என்று கேள்வியில் இல்லை. பெரும்பாலும் ஆல்டோவாக இருக்கும். அப்படியானால் சொப்ரானோ தேடி அலைய வேண்டாம். இரண்டு ஆல்டோ, ஒரு டெனர், ஒரு பாரிடோன் என்ற அமைப்புக்கும் நிறைய எழுதியிருக்கிறார்கள். சிங்கலே 1875-ல் இறந்தவர், அவர் இசைக்குப் பதிப்புரிமைத் தொல்லை இல்லை. முதலில் பாரிடோன் வாசிக்க ஒருவரைக் கண்டுபிடியுங்கள். சர்ச் பேண்டு, பட்டாளத்து பேண்டு, கல்யாண பேண்டு என்று விசாரித்தால் பெரிய பித்தளை வாத்தியம் ஊதியவர் ஒருவர் கட்டாயம் கிடைப்பார். அவருக்கு எந்த நாள், எந்த நேரம் தோதுப்படுகிறதோ அதையே பயிற்சி நேரமாக வையுங்கள். மற்ற மூவரும் அதற்குத் தக்கபடி வந்துவிடலாம்.