வெள்ளத்தில் நின்ற பைக்கை வாங்கலாமா? கேள்வி பதில்

கேள்வி (வேளச்சேரி): 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மூன்று நாள் தண்ணீரில் நின்ற பைக் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. இப்போது நன்றாகவே ஓடுகிறது. வாங்கலாமா ஐயா?

பதில்: தண்ணீர் எதுவரை ஏறியது, எத்தனை நாள் நின்றது, வடிந்தவுடன் யாராவது ஸ்டார்ட் செய்து பார்த்தார்களா என்ற மூன்றையும் முதலில் கேளுங்கள். சக்கரத்தின் அச்சு வரை மட்டும் நின்றிருந்தால் பேரிங், பிரேக் ஷூ, செயின் ஆகியவற்றோடு செலவு பெரும்பாலும் முடிந்துவிடும். ஏர் ஃபில்டருக்கு மேல் ஏறியிருந்தால், இன்ஜினுக்குள்ளும் தண்ணீர் போயிருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். காற்று அழுந்திக் கொடுக்கும், தண்ணீர் கொடுக்காது என்பதால், சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது இன்ஜினைச் சுற்ற வைத்தால் பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும். வெள்ளத்தில் ஓட்டிக்கொண்டு வரும்போதே நின்றுபோன வண்டியில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். லேசாக வளைந்த ராடோடு வண்டி ஓடவும் செய்யும். பிஸ்டனும் சிலிண்டரும் ஒரு பக்கமாகத் தேய்ந்து சத்தம் எழும்பும்போது வண்டி உங்கள் பெயரில் இருக்கும். ஆகவே, சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தை, அதாவது கம்ப்ரஷனை, அளந்து பார்க்க விற்பவர் சம்மதிக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

கேள்வி (தூத்துக்குடி): இங்கும் அதே மாதம் வெள்ளம் வந்தது. வண்டி தண்ணீரையே பார்க்கவில்லை என்று சொல்லி விற்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: வாட்டர் சர்வீஸ் செய்து பாலிஷ் போட்டாலும் வண்டல் முழுவதும் போய்விடாது. சீட்டையும் பக்கவாட்டு மூடிகளையும் கழற்றி, ஏர் ஃபில்டர் பெட்டியின் மூலைகளிலும், ஹெட்லைட் கூட்டின் உள்ளேயும், டேங்குக்கு அடியில் வயர்கள் ஓடும் இடத்திலும் விரலால் தடவிப் பாருங்கள். மாவு போன்ற மெல்லிய சேறு ஒட்டினால் சந்தேகம் வலுக்கிறது. பிறகு வயர்களை இணைக்கும் பிளக்குகளான வயரிங் கப்ளர் இரண்டு மூன்றைப் பிரித்துப் பாருங்கள். பித்தளை முனைகளில் பச்சைப் பொடி பூத்திருந்தால், அந்த வண்டி இன்று ஓடினாலும் நாளை இண்டிகேட்டரில் தொடங்கி ஒவ்வொன்றாகத் தகராறு செய்யும். உங்கள் ஊர்ப் பக்கம் கடல் நீர் கலந்த இடங்களில் இந்த அரிப்பு மிக வேகமாகப் பரவும். இன்ஜின் ஆயில் பால் கலந்த காப்பியின் நிறத்தில் இருந்தால் மேலே பார்க்க வேண்டியதே இல்லை. ஆயில் புத்தம் புதிதாக இருந்தால், எப்போது, எதற்காக மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

கேள்வி: மின்சார ஸ்கூட்டர் என்றால்?

பதில்: வாங்க வேண்டாம். பேட்டரிக்குள் தண்ணீரும் தூசியும் புகாது என்பதற்கான ஐ.பி. 67 தரம் உண்டு என்பார்கள். அது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்குவதற்கான சோதனைதான். நாள்கணக்கில் சாக்கடை நீரில் கிடந்ததற்கு அது உத்தரவாதம் ஆகாது. உள்ளே ஈரம் புகுந்த லித்தியம் பேட்டரி பல நாள் கழித்தும் தீப்பிடிக்கக்கூடும்.

கேள்வி: ஆவணங்களில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: ஆர்.சி.யில் கடன் பதிவு நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்குங்கள். பழைய இன்சூரன்ஸ் பாலிசியின் எண்ணைக் கேட்டு, வெள்ள இழப்பீடு பெறப்பட்டதா என்று விசாரியுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்த வண்டிக்கு வெள்ளச் சேதத்துக்கான இழப்பீடு கிடைத்திருக்காது; செலவை மிச்சப்படுத்த மேலோட்டமாகப் பழுது பார்த்துவிட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி: எவ்வளவு விலை குறைத்துக் கேட்கலாம்?

பதில்: பாதி விலை என்ற கணக்கு எதற்கும் உதவாது. உங்களுக்கு நம்பிக்கையான மெக்கானிக்கை அழைத்துச் சென்று, வயரிங், பேட்டரி, பேரிங்குகள், ஹேண்டில்பார் கோன் செட், மேக்னட் காயில், கிளட்ச் என்று மாற்ற வேண்டியவற்றைக் கூலியோடு எழுதச் சொல்லுங்கள். அந்தத் தொகையைச் சந்தை விலையிலிருந்து கழித்து, பிறகு தெரியவரும் கோளாறுகளுக்காக இன்னும் கொஞ்சம் குறைத்துக் கேளுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 (புகை மாசுக் கட்டுப்பாட்டுத் தரம்) வண்டிகளில் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யூ.வும் சென்சார்களும் இருப்பதால் செலவு எளிதில் எகிறிவிடும், அவற்றில் இ.சி.யூ. இருக்கும் உயரம் வரை தண்ணீர் ஏறியிருந்தால், உதிரிபாகங்களுக்காக வாங்குபவரிடமே அந்த வண்டியை விட்டுவிடுவது நல்லது.