நட்சத்திரங்கள் முடியும் இடத்துக்கு அப்பாலும் சுருள் கேலக்ஸியில் வாயு இருப்பது எப்படித் தெரியும்?

படத்தில் சுருள் கேலக்ஸியின் ஓரத்தைத் தாண்டினால் ஒரே இருட்டு. அங்கே குளிர்ந்த ஹைட்ரஜன் பரவிக் கிடப்பதாகச் சொல்கிறார்களே, யார் போய்ப் பார்த்தது என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான சந்தேகம்தான். போக வேண்டியதில்லை, ஹைட்ரஜனே தன் இருப்பைச் சொல்கிறது.

ஹைட்ரஜன் அணுவில் ஒரு புரோட்டான், ஒரு எலெக்ட்ரான். இரண்டின் தற்சுழற்சியும் ஒரே திசையில் இருந்தால் அணுவின் ஆற்றல் இம்மியளவு கூடுதல். எலெக்ட்ரான் புரண்டு எதிர்த்திசைக்கு மாறும்போது அந்த மிச்சம் 21 சென்டிமீட்டர் நீள ரேடியோ அலையாக வெளியேறும். ஓர் அணு தானாகப் புரளச் சராசரியாக ஒரு கோடி ஆண்டு ஆகும். அணுக்கள் எண்ணிலடங்காமல் கிடப்பதால் சமிக்ஞை மட்டும் ஓய்வதில்லை. இதை 1944இல் நெதர்லாந்து வானியலாளர் வான் டி ஹல்ஸ்ட் கணித்தார். 1951 மார்ச்சில் ஹார்வர்டில் யூவனும் பர்செல்லும் ஜன்னலுக்கு வெளியே கொம்பு ஆன்டெனாவை நீட்டிப் பிடித்துவிட்டார்கள்.

காரைக்குடியில் கல்லூரி மாணவர்களுக்கு இயற்பியல் நடத்துகிறேன். அதே வகைக் கொம்பை அலுமினியத் தகட்டில் மடித்து நாங்களும் செய்தோம். நகருக்குள் செல்போன் கோபுர இரைச்சல் அதிகம் என்பதால், பக்கத்துக் கிராமத்தில் ஒரு பழைய வளவு வீட்டின் மொட்டை மாடியைக் கேட்டு வாங்கினோம். "தகரத்தைக் கூரையில் போடாமல் வானத்துக்குக் காட்டுகிறீர்களே, தம்பி" என்றார் வீட்டு ஆச்சி. மார்கழி முன்னிரவு, வடக்கே காசியோபியா விண்மீன் கூட்டம். கொம்பை அங்கே திருப்பினோம். கணினித் திரையில் முதலில் வெறும் நடுக்கம்தான். சில நிமிடப் பதிவைச் சேர்த்துச் சராசரி எடுத்ததும் 21 சென்டிமீட்டர் அலைக்குரிய அதிர்வெண்ணான 1420.4 மெகாஹெர்ட்ஸ் அருகே ஒரு மேடு எழுந்தது. அதற்குச் சுமார் 0.2 மெகாஹெர்ட்ஸ் மேலே, சற்றுத் தாழ்வாக இன்னொன்று. முதலாவது சூரியனை ஒட்டிய வாயு. இரண்டாவது, நம் பால்வீதியின் சுருள் கரங்களில் ஒன்றான, சூரியனுக்கு வெளிப்புறமாகச் செல்லும் பெர்சியஸ் கரத்தில் இருந்து நம் பக்கம் நொடிக்கு ஐம்பது கிலோமீட்டர் அளவில் நெருங்கும் வாயு. நெருங்கும் வாயுவின் அலை அதிர்வெண் கூடி வரும், விலகுவதன் அலை குறைந்து வரும்; அந்த வித்தியாசமே வேகத்தைச் சொல்லிவிடும். இடையே உள்ள தூசு கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தின்றுவிடும். 21 சென்டிமீட்டர் அலையை ஒன்றும் செய்யாது.

இருப்பதும் தெரிகிறது, ஓடும் வேகமும் தெரிகிறது. அந்த வேகம்தான் விஷயமே. பல சுருள் கேலக்ஸிகளில் நட்சத்திரத் தட்டைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு தூரம் வரை ஹைட்ரஜன் நீள்கிறது. மையத்தை விட்டு விலக விலக வேகம் குறைய வேண்டும்: சூரியனைப் புதன் நொடிக்கு 47 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது, நெப்டியூன் ஐந்தரைக்கும் குறைவு. ஆனால் நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் தொலைநோக்கியால் பல கேலக்ஸிகளின் ஹைட்ரஜனை அளந்த ஆல்பர்ட் பாஸ்மா 1978இல் காட்டியது வேறு. ஓரத்து வாயுவும் உள்ளே இருப்பதற்குச் சளைக்காத வேகத்தில் ஓடுகிறது. அதைப் பிடித்து வைக்கக் கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு போதாது. எங்கள் பக்கத்துப் பழைய கணக்குப்பிள்ளை பார்த்திருந்தால் ஐந்தொகை நேராகவில்லை, பேரேட்டில் ஏறாத பணம் பெட்டியில் இருக்கிறது என்றிருப்பார். ஏறாத அந்தத் தொகையைத்தான் கரும்பொருள் என்கிறோம். நட்சத்திரம் அருகிப்போன இடத்தில் கேலக்ஸியை எடை போட இந்த வாயுவைப் போலக் கைகொடுப்பது வேறில்லை.

அங்கே ஏன் நட்சத்திரம் பிறப்பதில்லை என்றும் கேட்டிருந்தீர்கள். வாயு அவ்வளவு மெல்லியது. சுருங்கித் திரள்வதற்கு அடர்த்தி போதவில்லை. ஆனாலும் எம்83 கேலக்ஸியின் தொலைதூர ஓரத்தில் இளம் நட்சத்திரங்கள் சிதறிக் கிடப்பதை கேலெக்ஸ் புற ஊதா தொலைநோக்கி கண்டது. ஆகவே "பிறப்பதே இல்லை" என்று எழுதும் பாடநூல்களை நம்ப வேண்டாம்.

பிற கேலக்ஸிகளின் ஓரத்தைப் பிடிக்க எங்கள் தகரக் கொம்பு போதாது. ஊட்டி ரேடியோ தொலைநோக்கியும் 327 மெகாஹெர்ட்ஸ் அருகே இயங்குவதால் இதற்கு உதவாது. புணேக்கு வடக்கே கோடத்தில் 45 மீட்டர் விட்டமுள்ள 30 தட்டுகளுடன் நிற்கும் ஜிஎம்ஆர்டி என்ற ரேடியோ தொலைநோக்கியில் இந்த வேலை நடக்கிறது. தேசிய அறிவியல் தினத்தை ஒட்டிப் பொதுமக்களை உள்ளே விடுவது அங்கே வழக்கம். பிப்ரவரி கடைசியில் அந்தப் பக்கம் போனால் பார்த்துவிட்டு வாருங்கள்.